உயிரோடிருந்தவனுக்குப் பாடிய ஒப்பாரி

அவன் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவனாக இருந்திருந்தால் நான் செய்தது அன்றைக்கும் பலித்திருக்காது, இன்றைக்கும் பலித்துக்கொண்டிருக்காது.

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில், சவுக்குத் தோப்புகளைத் தாண்டிக் கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் குப்பம். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நான் விழுப்புரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, அதற்கேற்ற வேலை கிடைக்காமல் மீன் கூடை தூக்கி, பிறகு எனக்கென்று ஒரு வேலையை நானே உண்டாக்கிக்கொண்டவள். ஊர் பார்க்க வருகிறவர்களை வீட்டில் தங்க வைத்துச் சோறு போடுகிற வேலை அது. என் ஓர்ப்படியும், அதாவது என் கொழுந்தனின் மனைவியும், அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் கூடச் சேர்ந்தார்கள்.

எங்களிடம் ஏசி கிடையாது, நீச்சல் குளம் கிடையாது. ஊர் முறைகள் மட்டும் உண்டு. வருகிறவர்களும் அதன்படி நடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே கண்டிஷன். படகு நிற்கிற இடத்தில் செருப்புப் போடக்கூடாது. பிளாஸ்டிக் தட்டு கிடையாது, இலைதான். அன்றைக்கு வலையில் என்ன விழுந்ததோ அதுதான் குழம்பு. வஞ்சிரம் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு மார்க்கெட்டுக்கு வழி காட்டி அனுப்பிவிடுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆமை. கரைக்கு முட்டை போட வருகிற பங்குனி ஆமையை எங்கள் ஊரில் குட்டியாண்டவர் என்போம். உயிரோடு வலையில் மாட்டினால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கடலில் விட்டுவிடுவார்கள். செத்து ஒதுங்கினால் குழி தோண்டிப் புதைப்போம். குழியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைப்போம். நடிப்பில்லை, நிஜமாகவே அழுவோம். முட்டை பொரிந்து குஞ்சுகள் கடலுக்குப் போய் முடியும் வரை, பொழுது சாய்ந்தால் கரைப் பக்கம் யாரும் விளக்கு வைக்க மாட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிற குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகரும். வேறு வெளிச்சம் இல்லாத கரையில் கடல்தான் மினுங்கும். அதைப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடும்.

வந்தவர்களுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் மறு வருஷம் குழந்தைகளோடு வந்தார்கள். இருட்டில் உட்கார்ந்து கடல் சத்தம் கேட்டதே போதும் என்றார்கள். கரையும் கெடவில்லை, எங்கள் அடுப்பும் அணையவில்லை.

அவன் அப்படி வந்தவன்தான். திண்டிவனத்துப் பக்கத்து ஆள். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. முதல் தடவை வந்தபோது சங்கரா மீன் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டான். தன் அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற கொல்லையில் குனிந்து குனிந்து தன்னைப் படிக்க வைத்ததைச் சொல்லிக் கண் கலங்கினான். எனக்கும் மனசு இளகிவிட்டது. தம்பி, தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். அடுத்தடுத்த தடவைகளில் நிறையக் கேட்டான். ஆமைக்கு ஏன் மஞ்சள், எந்த மாசத்தில் விளக்கு கூடாது, ஒப்பாரியில் என்ன பாடுவீர்கள் என்று கேட்டான். கேட்டதற்கெல்லாம் சொன்னேன். கூடையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தான். நின்றேன்.

பிறகு ஒரு நாள் விழுப்புரம் போவதற்காகத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினேன். அவித்த மல்லாட்டை விற்கிறவரிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே பெரிய போர்டில் நான் நிற்கிறேன். கூடை, மூக்குத்தி, ஓரம் கிழிந்த முந்தானை எல்லாம் அப்படியே. 'கடலோரக் கலாச்சார அனுபவம்' என்று பக்கத்தில் எழுதி, அவன் புதிதாகத் தொடங்கப்போகிற ரிசார்ட்டின் பெயரைப் போட்டிருந்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாயில் போட்ட மல்லாட்டையைத் துப்பினேன். அன்றைக்கு என் மனசில் அவன் தம்பி என்கிற உறவை இழந்தான்.

ரிசார்ட் எழும்பியது எங்கள் குப்பத்துக்கு அடுத்த மனையில். அதில் எனக்குப் பொறாமை என்று ஊரில் சிலர் சொன்னார்கள். இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டான். இலைச் சாப்பாடு, செருப்பில்லாத நடை, மண்சட்டிக் குழம்பு எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். கடலைப் பார்க்க வரிசையாகக் கம்பம் நட்டு ஃபோகஸ் லைட் போட்டான். பொழுது சாய்ந்தால் எங்கள் கரை கல்யாண மண்டபத்து வாசலாகிவிடும்.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில், விடிகிற நேரத்தில் என் ஓர்ப்படி கத்திக்கொண்டே ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது அவன் புல்தரையில் காக்கைகள் இறங்கியிருந்தன. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டியபடி கிடந்தன. சில புல்லில், சில காரை நிறுத்துகிற சிமென்ட் தரையில். லைட் கம்பத்தின் அடியில் ஒரு குவியலே கிடந்தது. உள்ளங்கையில் எடுத்தால் காய்ந்த சருகின் எடைகூட இல்லை. முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்து புதைத்தோம். அன்றைக்கு எனக்கு ஒப்பாரி வரவில்லை. தொண்டையில் கெட்ட வார்த்தைகள்தான் வந்தன.

நேராக அவனிடம் போனேன். ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தான்.

"லைட்ட அணைச்சிடு தம்பி. இன்னும் குழியில முட்ட கெடக்குது" என்றேன். உள்ளே போய்விட்ட 'தம்பி'யைக் காரியத்துக்காக வெளியே இழுத்தேன்.

"அக்கா, கெஸ்டுங்க இருட்டுல பயப்படுறாங்கக்கா. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்."

"சீசன் முடிஞ்சா எல்லாம் செத்திருக்கும்."

"நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்க. டீ சாப்பிடுங்க" என்றான். டீயும் வந்தது. மண் டம்ளர், என் வீட்டில் கொடுக்கிற அதே மாதிரி டம்ளர். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மனு கொடுக்கலாம் என்றார். கொடுத்தோம். ஊர்ப் பஞ்சாயத்தார் போய்ப் பேசினார்கள். அவர்களுக்கும் டீ கிடைத்தது. ஒவ்வொரு காலையும் முந்தானையில் பொறுக்குவதும் புதைப்பதுமாகப் போனது. அவனை என்ன செய்தால் வலிக்கும் என்று யோசித்துக்கொண்டே மீன் ஆய்ந்தேன். கத்தி வழுக்கி விரலை அறுத்துக்கொண்டதும் உண்டு. வெளியே சிரித்து உள்ளே கறுவிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அவனே வந்தான், தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு.

"அக்கா, விழுப்புரத்துல ஒரு ஃபங்ஷன். கடலோர சுற்றுலாவ பத்தி. நமக்கு மரியாத பண்றாங்க. நீங்க நாலு பேரும் வந்து ஸ்டேஜ்ல ஒரு அஞ்சு நிமிஷம் ஒப்பாரி பாடணும். வெளிநாட்டுக்காரங்கல்லாம் வர்றாங்க."

என் ஓர்ப்படி வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரி வாயிலேயே வரக்கூடாது எங்கள் ஊரில். வீட்டுக்குள் முணுமுணுத்தால்கூடப் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். யாரை வைத்துப் பாடுகிறோமோ அவருக்குச் சாவு போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. இதைக்கூட அவனுக்கு ஒரு தடவை சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டு தலையாட்டியவன்தான்.

"யாருக்கு அழுவணும்?" என்றேன்.

"யாருக்காவது பாடுங்கக்கா. சும்மா சாம்பிளுக்குத்தான்."

"லைட்டு?"

"ஃபங்ஷன் முடியட்டும்க்கா. வந்து பேசலாம்."

"சரி, வர்றோம்" என்றேன்.

அவன் போனதும் என் ஓர்ப்படி என் கையைப் பிடித்து உலுக்கினாள். "யக்கா, இன்னா பண்ணிக்கினு இருக்க நீ? பேஜாரு புடிச்ச வேலக்கா இது. செத்தது யாருன்னு பாடுவ?"

சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு, குஞ்சுகளைக் கட்டி வந்து கறை படிந்த தன் முந்தானையைப் பார்த்துக்கொண்டே, "நானும் வர்றேன்" என்றாள். அன்று ராத்திரிச் சோற்றில் கை வைத்தபோது என் வீட்டுக்காரர் மட்டும், "வேணாமே. ஒரு தாய் பெத்த புள்ள அவன்" என்றார். நான் அவருக்குக் குழம்பு ஊற்றினேன்.

விழுப்புரத்தில் அந்த மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. முன்வரிசையில் மாலையோடு அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள். வெயிலில் கறுத்துக் காய்ப்பேறிய கைகளை மடியில் ஒளித்து வைத்திருந்த விதத்திலேயே அவன் அம்மா என்று தெரிந்தது. அந்த அம்மாவும் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நிமிஷம் தயங்கினேன். அதற்குள் மைக்கில் அவன் பேசினான். எங்கள் கரையின் பாரம்பரியம்தான் தன் மூலதனம் என்றான். ஆமைகளைத் தெய்வமாக வணங்குகிற மண் என்றான். வாய் கூசவே இல்லை. என் தயக்கம் அந்த இடத்தில் தீர்ந்தது.

எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் மேடையில் ஏறவில்லை. கீழேயே, அவன் காலுக்கு எதிரே, சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டமாக உட்கார்ந்து தலையை அவிழ்த்துவிட்டோம். நான் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் வாங்கிப் பாடினார்கள்.

*ஊருக்கெல்லாம் வெளிச்சமிட்ட மகராசா – ஒன்*
*தலமாட்டு வெளக்குக்கு எண்ணெ இல்லையே*

கூட்டம் தாளம் போட்டது. வெளிநாட்டுக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் அம்மா ஆமைக்காக என்று நினைத்தோ என்னவோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

*சங்கராக் கொழம்பு தின்ன சாமியே – இங்க*
*சட்டியில ஆறுதய்யா எழுந்திரு*
*வெள்ளச் சட்ட போட்டவரே, ஒனக்கு – ஊரே*
*வெள்ளத்துணி கொண்டாந்து நிக்குதே*

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பின்வரிசையில் யாரோ ஒரு பெரியவர் தாளத்தை நிறுத்திவிட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நான் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் மாரில் அடித்துக்கொண்டு அடுத்த வரியைப் பாடினேன்.

*மல்லாட்டக் கொல்லையில குனிஞ்சவ – பெத்த*
*மவன் மொகத்த மூடப் போறாங்களே...*

"நிறுத்துடீ!"

அவன் அம்மா எழுந்து நின்றிருந்தார்கள். அவன் சிரித்தபடியே கையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, உக்காரும்மா. பர்ஃபார்மன்ஸ்மா இது."

"பர்ஃபார்மன்ஸாடா? உன்ன உக்கார வச்சிக்கினு அழுவுறாளுங்கடா! மாலையோட உக்காந்துக்கினு இருக்கியேடா!"

அவன் கழுத்து மாலையை அவர்களே பிய்த்து எறிந்தார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெள்ளைச் சட்டை, மாலை, எதிரே தலைவிரித்த பெண்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். முகத்தில் ரத்தம் வற்றியது. அந்த முகத்தைப் பார்க்க நான் எத்தனை காலை காத்திருந்தேன்! வாய்க்கரிசி போடுகிற அடிக்கு வரும் முன்பே நிறுத்திவிட்டேன். தலையை முடிந்துகொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நாலு பேரும் டீயும் போண்டாவும் சாப்பிட்டோம். எனக்கு அந்த டீ இனித்தது. பழிவாங்குவது கெட்ட குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இத்தனை ருசியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

திண்டிவனம் போய் பஸ் மாறி நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது அவன் கார் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. அவன் அம்மா என் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. அவன் வாசலில் நின்றான்.

"எம்மா, எதுக்கும்மா எம்புள்ளைக்கு அழுத?" என்றார்கள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் அவர்களைக் கரைக்குக் கூட்டிப் போனேன். காலையில் புதைத்த இடத்தைக் காட்டினேன். மண்ணைக் கொஞ்சம் விலக்கினேன். லைட் கம்பங்களைக் காட்டி, ஏன் செத்தன என்று சொன்னேன். அவர்கள் குனிந்து பார்த்துவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"பாடுனத திருப்பி எடுத்துக்கம்மா. நீ இன்னா சொன்னாலும் செய்றோம்."

பாடிய ஒப்பாரியைத் திருப்பி எடுக்கிற முறை எங்கள் ஊரில் கிடையாது. எந்த ஊரிலும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்றவாக்கிலேயே ஒன்றை உண்டாக்கினேன்.

"குட்டியாண்டவருதான் எடுக்கணும்மா. மொத முட்ட வெக்கிறதுல இருந்து கடைசிக் குஞ்சு எறங்குற வரைக்கும் இவரு லைட்டு எரியக்கூடாது. தெனமும் பொழுது சாயுறப்ப ஈர வேட்டியோட, சட்ட இல்லாம, இவரே தொடப்பம் எடுத்து இந்தக் கரைய பெருக்கணும். கார் தடம், கால் தடம் ஒண்ணு இருக்கக்கூடாது, குஞ்சு அதுல விழுந்து தடுமாறும். ஆள வச்சி பெருக்கக்கூடாது. நீங்க கூட நின்னு பாக்கணும்."

"எத்தினி நாளைக்கி?" என்று அவன் கேட்டான்.

"அது உனக்கு குட்டியாண்டவரே சொல்லுவாரு" என்றேன்.

என் ஓர்ப்படி அப்பால் திரும்பி நின்றுகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவன் அம்மா மகனின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விடுவிடுவென்று ரிசார்ட்டுக்குள் போய், சுவிட்சு எங்கே என்று காவல்காரரை அதட்டி, தன் கையாலேயே எல்லாவற்றையும் அணைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் கரையில், தெருப் பெண்கள் எல்லாரும் பார்க்க, அந்த வெள்ளைச் சட்டை கழன்றது. தொப்பை தெரிய, குனிந்து, பழக்கமில்லாத கையால் தொடப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவன் மணலைப் பெருக்கினான். "திருப்பிப் புடிடா" என்று அவன் அம்மா சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் திண்டிவனம் போர்டில் என் முகத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்ததாக பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

குஞ்சுகள் அந்தச் சித்திரையில் கடலுக்குப் போயின. விடியற்காலையில் மணலில் சின்னச் சின்னத் துடுப்புத் தடங்கள் தண்ணீர் வரைக்கும் போயிருந்தன. என் முந்தானை காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அவன் அதையும் வியாபாரம் ஆக்கிக்கொண்டான் என்பதை மறைக்க மாட்டேன். ரிசார்ட் வாசலில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. கரை பெருக்கும் சடங்கு ஆண்டாண்டு காலமாக எங்கள் கடலோரத்தில் நடந்து வருவதாம். வருகிறவர்கள் போனை உள்ளே வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஆளுக்கொரு தொடப்பம் எடுத்துக்கொண்டு அவனோடு பெருக்குகிறார்கள். அவனிடம் தங்கியவர்கள் இருட்டுக்காகவே திரும்ப வருகிறார்களாம். அக்கம்பக்கத்து ரிசார்ட்டுகளிலும் சிலர் லைட்டை அணைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், சாமி குற்றம் ஆகிவிடும் என்று. எனக்கும் கூட்டம் குறையவில்லை. எல்லாருக்கும் நல்லதுதான் நடந்திருக்கிறது. ஆனாலும் அவன் குனிகிற ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காருகிறது. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

இந்த வருஷம் அவன் அம்மா வரவில்லை. முட்டி வலி, பஸ்ஸிலும் காரிலும் உட்கார முடியவில்லை என்றார்கள். போன வாரம் சாயங்காலம் போன் செய்தார்கள். அவன் எனக்கு எதிரே, கொஞ்ச தூரத்தில், ஈர வேட்டியோடு குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தான். கம்பங்களில் ஒரு லைட்கூட எரியவில்லை.

"அம்மாடி, நான்தான் பேசறேன். எம்புள்ள பெருக்கறானா?"

"பெருக்கறாரும்மா."

"நானும் எத்தினி நாளைக்கி இருப்பேன்னு தெரியல. அதான் கேக்கலாம்னு... எம்புள்ளைக்கு அது கழிஞ்சிடுச்சாம்மா? சாமி எதனா சொல்லிச்சா?"

சொல்லியிருக்கலாம். கழிந்துவிட்டது, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று ஒரு வார்த்தை. அந்த அம்மாளின் மூச்சு போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னும் இல்லம்மா" என்றேன். "அடுத்த வருஷமும் பெருக்கட்டும்."